ஒரு பருவத்து ராஜ்யம்

தமிழ்நாட்டில் எந்த வீட்டுத் திண்ணையில் வேண்டுமானாலும் உட்கார்ந்து, கிரிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள். எட்டு வயதுப் பேரனும் எண்பது வயதுத் தாத்தாவும் சரிசமானமாக வாதத்துக்கு வந்துவிடுவார்கள். எந்த வருஷம், எந்த ஊரில், யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பதெல்லாம் சஹஸ்ரநாமம் போல் ஒப்பிக்கப்படும். நல்லது. அதே திண்ணையில், "இந்தியாவின் கால்பந்து ஐ-லீக் பட்டம் ஒரு சமயம் நம் தமிழ்நாட்டுக்கு வந்ததே, அது எந்த வருஷம்?" என்று கேளுங்கள். பேரன் தாத்தாவைப் பார்ப்பான். தாத்தா கூரையைப் பார்ப்பார்.

அந்த வருஷம் 2019. பட்டம் வந்து இறங்கிய ஊர் கோயமுத்தூர். வென்ற கோஷ்டியின் பெயர் சென்னை ஸிடி. கல்கத்தாவும் கோவாவும் பரம்பரைச் சொத்துப்போல் அனுபவித்து வந்த பட்டத்தை அது பறித்து வந்தது. அதைக் கொண்டு ஆசியக் கண்டத்தின் போட்டியிலும் போய் நின்றது. பிறகு, அடுத்த மூன்று வருஷங்களுக்குள் லீக் பட்டியலிலிருந்தே மறைந்து போயிற்று. இவ்வளவு விரைவில் உயர்ந்து இவ்வளவு விரைவில் மறைந்த ராஜ்யம் சரித்திரத்திலும் அபூர்வம். அது ஏன் அப்படி ஆயிற்று என்று யோசிப்பது, பிள்ளைகளை வளர்க்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிரயோஜனமான காரியம் என்று கருதியே இதை எழுதுகிறோம்.

குடித்தனமும் கல்யாணமும்

கால்பந்துப் பருவம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இதில் நமக்கு வழிகாட்டிகள் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஜனத்தொகையில் நம் மாநிலத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத அந்தச் சின்னத் தேசத்தில் 1873-ஆம் வருஷத்திலேயே கோப்பைப் போட்டி தொடங்கிவிட்டது. லீக் போட்டி 1890-இல் பிறந்தது. பிற்பாடு ஐரோப்பியக் கோப்பைகளும் வந்து சேர்ந்தன. ஆகவே அங்கே ஒரு நல்ல கோஷ்டிக்கு வருஷம் ஒன்றில் மூன்று பரீட்சைகள் உண்டு: லீக், கோப்பை, கண்டம்.

மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் வீட்டுப் பாஷையிலேயே சொல்லலாம். லீக் என்பது குடித்தனம் நடத்துவது. ஒவ்வொரு கோஷ்டியும் மற்ற ஒவ்வொரு கோஷ்டியையும் சொந்த ஊரிலும் எதிராளியின் ஊரிலும் சந்திக்க வேண்டும். ஜயித்தால் 3 புள்ளி, சமமானால் 1, தோற்றால் சூன்யம். மாதக்கணக்கில் வரவும் செலவும் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பவனே கடைசியில் முதலிடம் பெறுவான். கோப்பை என்பது கல்யாணம். நாள் சில, ஆனால் ஒரே ஒரு தவறு நேர்ந்தாலும் பந்தல் சாய்ந்தது சாய்ந்ததுதான், தோற்றவன் வீட்டுக்குப் போக வேண்டியதே. கண்டப் போட்டியோ, சம்பந்தி வீட்டுக்குப் போவது. அங்கே நம் கௌரவம் மட்டுமின்றி ஊரின் கௌரவமும் கூடவே போகிறது.

இந்த மூன்றையும் ஒரே பருவத்தில் கைப்பற்றியவர்கள் கிளாஸ்கோ நகரத்தின் செல்டிக் கோஷ்டியார். 1966-67 பருவத்தில் ஸ்காட்லாந்து லீக்கை வென்றார்கள். ஸ்காட்டிஷ் கோப்பையையும் லீக் கோப்பையையும் வென்றார்கள். 1967 மே 25-ந் தேதி லிஸ்பன் நகரில், இத்தாலி தேசத்தின் பலம் வாய்ந்த இன்டர் மிலான் கோஷ்டியை 2-1 என்று தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பையையும் எடுத்துக் கொண்டார்கள். அதற்கு முன் பிரிட்டிஷ் தீவுகளில் எந்தக் கோஷ்டிக்கும் கிட்டாத கோப்பை அது. பணம் கொட்டி உலகமெங்கும் ஆள் தேடினார்களா? இல்லை. அன்று ஆடிய பதினொரு பேரும் கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். நம் மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் விருதுநகருக்கும் உட்பட்ட பிள்ளைகளே கூடி ஆசியக் கோப்பையைக் கொண்டு வந்ததற்குச் சமானம் அது. இந்த 30 மைல் கணக்கை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளும்படி கேட்டுக் கொள்கிறோம். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

வெறுங்காலில் வந்த விடுதலை

இந்தியாவுக்கும் கால்பந்தைக் கொண்டு வந்தவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்களின் பங்கு பெரியது. சிம்லாவில் 1888-இல் ஆரம்பமான டியூராண்டு கோப்பையின் முதல் இறுதி ஆட்டத்தில் மோதிய இரண்டு கோஷ்டிகளும் ஸ்காட்லாந்துப் பட்டாளங்களே. அந்தக் கோப்பையை முதலில் தூக்கியது ராயல் ஸ்காட்ஸ் பியூஸிலியர்ஸ் என்னும் பட்டாளம். நம்மவர்கள் அன்று கயிற்றுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வேடிக்கை பார்த்தவர்கள் 23 வருஷத்தில் பாடம் கற்றுக் கொண்டு விட்டார்கள். 1911 ஜூலை 29-ந் தேதி, கல்கத்தாவில், மோகன் பகான் கோஷ்டியார் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை 2-1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினார்கள். பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடியவர்கள். பூட்ஸுக்கு எதிரில் பாதம் ஜயித்த அந்தச் சாயங்காலம், வங்காளம் முழுவதும் தலை நிமிர்ந்து நடந்தது. 1936-இல் கல்கத்தாவின் முகம்மது சலீம் கிளாஸ்கோவுக்கே போய், காலில் துணிக்கட்டுச் சுற்றிக்கொண்டு, அதே செல்டிக்கின் இரண்டாவது கோஷ்டியில் இரண்டு ஆட்டங்கள் ஆடினார். அவருடைய பாதங்களின் ஜாலத்தைக் கண்டு அங்கிருந்த பத்திரிகைகள் வியந்தன. ஊர் ஞாபகம் வாட்டவே அவர் தாய்நாடு திரும்பி விட்டார்.

தமிழ்நாட்டுக் கதை 1946-இல் தொடங்குகிறது. ஐ.என்.ஏ. வீரர்களின் விசாரணை தேசத்தையே கிளர்ந்தெழச் செய்திருந்த வருஷம் அது. சென்னையில் நேதாஜியின் பெயரைத் தாங்கி ஒரு விளையாட்டுச் சங்கம் உதயமாயிற்று. பல காலம் உள்ளூர்ப் போட்டிகளில் ஆடி வந்த அந்தச் சங்கமே பிற்காலத்தில் பெயர் மாறி, சென்னை ஸிடி என்று 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்தது. ஐ.எஸ்.எல். என்னும் மற்றோர் லீக்கில் ஆடும் சென்னையின் எப்.ஸி. வேறு, இது வேறு. ஒரே ஊர்ப் பெயரை இருவர் வைத்துக் கொண்டதால் வந்த குழப்பம் கொஞ்ச நஞ்சமல்ல. போதாததற்கு, சென்னைப் பெயரைத் தாங்கிய இந்தக் கோஷ்டி அடுத்த பருவத்திலேயே கோவை நேரு விளையாட்டரங்கத்துக்குக் குடி பெயர்ந்து விட்டது.

இருபது ஆட்டங்கள்

முதல் இரண்டு பருவங்களிலும் அது அட்டவணையின் கீழ்ப்பாதியிலேயே கிடந்தது. 2018-19 பருவம் தொடங்கியபோது அதன்மேல் பந்தயம் கட்டியவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். ஸ்பெயினிலிருந்து பெட்ரோ மான்ஸி, நெஸ்டர் கோர்டியோ, ஸாண்ட்ரோ ரோட்ரிகெஸ், ராபர்ட்டோ எஸ்லாவா ஆகியோர் வந்து சேர்ந்தார்கள். இவர்களோடு எட்வின் ஸிட்னி வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரோமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் முதலிய தமிழ்நாட்டு இளைஞர்களும் தோளோடு தோள் நின்றார்கள். பந்தைத் தூக்கி வானத்தில் அடித்துவிட்டுப் பின்னால் ஓடுகிற பழக்கத்தை நவாஸ் விட்டொழிக்கச் செய்தார். காலுக்குக் கால், தரையோடு தரையாகப் பந்தைக் கடத்திச் செல்லுவதே அவருடைய சித்தாந்தம்.

முதல் ஆட்டம் 2018 அக்டோபர் 26-ந் தேதி, கோவையில். இந்தியன் ஆரோஸ் என்னும் இளைஞர் கோஷ்டியை 4-1 என்று வென்றார்கள். அவற்றுள் மூன்று கோல்கள் மான்ஸி அடித்தவை. அன்று தொடங்கிய வேகம் குறையவேயில்லை. காஷ்மீரத்துக் குளிரிலும் மணிப்பூர் மலைகளிலும் கோவாவின் கடற்கரையிலும் போய் ஆடி, புள்ளி புள்ளியாகச் சேர்த்தார்கள். பருவ முடிவில் மான்ஸியின் கணக்கில் 21 கோல்கள் இருந்தன. அந்தத் தொகையை அவ்வருஷம் எட்டிய மற்றொருவர் சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாஸா ஒருவரே.

குடித்தனம் என்றால் சங்கடம் வராமல் இருக்குமா? கடைசிக்கு முந்திய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் தோற்றார்கள். துரத்தி வந்த ஈஸ்ட் பெங்கால் நெருங்கி விட்டது. 19 ஆட்டங்கள் முடிந்தபோது சென்னை ஸிடிக்கு 40 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 39. ஒரே புள்ளி வித்தியாசம்! 2004-க்குப் பிறகு தேசிய லீக்கை வெல்லாத ஏக்கம் கல்கத்தாவின் அந்தப் பிரபல கோஷ்டிக்கு. கோவைக்கோ முதல் வாய்ப்பு.

2019 மார்ச் 9-ந் தேதி சாயங்காலம், இரண்டு ஊர்களில் ஒரே நேரத்தில் ஆட்டம் ஆரம்பமாயிற்று. கோவையில் சென்னை ஸிடிக்கு எதிரி, முந்திய வருஷத்துச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரி கோகுலம் கேரளா. கோவையில் சில நிமிஷங்களுக்குள்ளேயே பஞ்சாபியர் ஒரு கோல் போட்டு விட்டார்கள். இடைவேளை வந்தது, கோல் திரும்பவில்லை. இரண்டாம் பாதியில் மான்ஸி ஒரு பெனால்டியை வலைக்குள் செலுத்தி ஆட்டத்தைச் சமப்படுத்தினார். அந்த நிலையில் ஆட்டம் முடிந்து, கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜயித்திருந்தால் பட்டம் கல்கத்தாவுக்குப் போயிருக்கும். அங்கேயும் முதலில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் மீண்டெழுந்து 2-1 என்று ஜயித்தே விட்டது! ஆனால் கோவையில் கௌரவ் போரா என்ற தற்காப்பு ஆட்டக்காரர் முன்னே ஓடி வந்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கோல் அடித்தார். 3-1. மொத்தம் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஐ-லீக் பட்டத்தை வென்ற முதல் தமிழ்நாட்டுக் கோஷ்டி என்ற பெயர் அன்று நிலைபெற்றது.

கோப்பையும் கண்டமும்

குடித்தனப் பரீட்சை தேறியாயிற்று. அடுத்து, கல்யாணப் பரீட்சை. அந்நாளில் இந்தியக் கால்பந்து இரண்டு லீக்குகளாகப் பிரிந்து கிடந்தது. பழைய ஐ-லீக் ஒரு புறம்; பணமும் படாடோபமும் மிகுந்த ஐ.எஸ்.எல். மறுபுறம். இரண்டில் எது உயர்ந்தது என்ற வழக்குக்கு ஓயாத வாதப் பிரதிவாதம். இரண்டு தரப்பும் சந்திக்கும் ஸூப்பர் கோப்பைப் போட்டி 2019-இல் புவனேசுவரத்தில் நடந்தபோது, மனத்தாங்கல் காரணமாக ஐ-லீக் கோஷ்டிகள் பல ஆட மறுத்து விட்டன. சென்னை ஸிடி ஆடிற்று. கால் இறுதியில், சில வாரங்களுக்கு முன்புதான் ஐ.எஸ்.எல். பட்டம் வென்றிருந்த பெங்களூரு எப்.ஸி.யை 2-1 என்று வீழ்த்திற்று. பேச்சால் தீராத வழக்குக்குப் புல்தரையில் ஒரு தீர்ப்பு! அரை இறுதியில் கோவா எப்.ஸி.யிடம் 0-3 என்று தோற்று வெளியேறிற்று. கல்யாணப் பந்தல் பாதியில் சாய்ந்தாலும் மானம் போகவில்லை.

மூன்றாவது பரீட்சை, ஆசியக் கண்டம். லீக் சாம்பியன் என்ற உரிமையில், 2020 ஜனவரியில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் முன்னோட்டச் சுற்றில் சென்னை ஸிடி பஹ்ரைன் தேசத்து அல் ரிபா கோஷ்டியைச் சந்தித்தது. 0-1 என்று தோற்றது. அதற்குள் 21 கோல் அடித்த மான்ஸி ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்து விட்டார். பிறகு இரண்டாம் தரமான ஏ.எப்.ஸி. கோப்பையில், மார்ச் 11-ந் தேதி, ஆமதாபாதில் மாலத் தீவின் மாஸியா கோஷ்டியுடன் 2-2 என்று சமமாக ஆடிற்று. தன் சொந்த ஆட்டத்தைக் கோவையில் நடத்த முடியாமல் குஜராத்தில் நடத்தியதைக் கவனியுங்கள். சம்பந்திக்கு விருந்து வைக்கச் சொந்த வீடில்லாமல் அயல் வீட்டில் இலை போட்ட கதை. அந்த ஒரு ஆட்டத்தோடு சரி. கொரோனா நோய் உலகத்தையே வீட்டுக்குள் அடைத்தது. செப்டம்பர் மாதத்தில் அந்தக் கோப்பைப் போட்டியே ரத்தாயிற்று.

விளக்கு அணைந்தது

பிறகு நடந்தவை விரைவாகவே நடந்தன. வான்ஸ்பால் சென்னையின் எப்.ஸி.க்குப் போனார். ரோமாரியோ கோவாவுக்கும், அஜித் குமார் பெங்களூருக்கும் சென்றார்கள். ஸ்விட்ஸர்லாந்தின் பேஸல் கோஷ்டியார் 2019-இல் 26 சதவிகிதப் பங்கு வாங்கிக் கூட்டாளிகளாகச் சேர்ந்திருந்தார்கள்; அதுவும் நிலைக்கவில்லை. 2020-21 பருவத்தில் எல்லாக் கோஷ்டிகளும் நோய்க்கு அஞ்சி வங்காளத்தில் ஒன்றாகக் கூடி ஆடியபோது சென்னை ஸிடியும் ஆடியது. 2021-22 பருவத்தின் ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. தேசப் பட்டம் வென்று மூன்று வருஷம்கூட ஆகவில்லை!

பெருநோய்மீது பழி போட்டுவிடலாம். ஆனால் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் அதே நோய்தானே வந்தது? அவை நிற்கின்றனவே! பணமில்லை என்று சொல்லலாம். பணம் இல்லாமற் போன காலங்களை அந்தப் பழைய கோஷ்டிகளும் பார்த்தவைதாம். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கல்கத்தாவில் கோஷ்டி தோற்றால் வீடுகளில் அடுப்பு எரிய மனம் வருவதில்லை. கோஷ்டி மூடப்படும் என்ற வதந்தி கிளம்பினாலே தெருவில் ஜனங்கள் கூடி விடுவார்கள். நம் கோஷ்டி மூடியபோது எந்தத் தெருவில் யார் கூடினார்கள்? பெயர் ஒரு நகரம். குடியிருப்பு வேறொரு நகரம். கோல் அடித்தவர்களில் முக்கியமானவர்கள் கடல் கடந்து வந்த விருந்தாளிகள். விருந்தாளிகள்மீது குறை சொல்ல நமக்குச் சிறிதும் எண்ணமில்லை. அவர்கள் நேர்த்தியாக ஆடி, நம் பிள்ளைகளுக்கும் கற்பித்தார்கள். ஆனால் விருந்தாளி புறப்பட்டுப் போன பிறகும் வீட்டில் விளக்கு எரிய வேண்டுமானால், திரி போடுவதற்கு வீட்டு மனிதர்கள் வேண்டும்.

நம்முடைய முப்பது மைல்

இதற்கு மாறான உதாரணமும் அதே வருஷத்தில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2019 மே 22-ந் தேதி, லூதியானாவில், இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர்ப் போலீஸை 3-1 என்று வென்றது மதுரைச் சேது எப்.ஸி. ஆண்கள் பட்டம் வந்து மூன்று மாதம் முடிவதற்குள் பெண்கள் பட்டமும் தமிழ்நாட்டுக்கு வந்தது! இந்தக் கோஷ்டிக்கு ஆதாரமாக நின்றது நம் விருதுநகர் மாவட்டத்தில், காரியாபட்டி அருகே உள்ள ஒரு கல்லூரி. படிக்கவும் இடம், ஆடவும் இடம். இதைத் தவிர, தேசிய அளவில் மாநிலங்களுக்கிடையே நடக்கும் பெண்கள் போட்டியில், கால்பந்தைத் தாய்ப்பாலோடு பருகியவர்கள் என்று பெயரெடுத்த மணிப்பூர்ப் பெண்களை 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் கட்டாக்கில் தோற்கடித்தார்கள். 2023-இல் மறுபடியும் அந்தப் பட்டத்தை வென்றார்கள். அவர்களில் பலர் கிராமத்துப் பள்ளி மைதானத்தில் ஆரம்பித்தவர்கள். சேது கோஷ்டி 2019-க்குப் பிற்பட்ட பருவங்களிலும் தொடர்ந்து ஆடி வந்தது. கல்லூரியில் வேர் ஊன்றிய மரம் காற்றுக்கு அசைந்தது, விழவில்லை.

கிளாஸ்கோவின் 30 மைலை ஞாபகப்படுத்தும் சமயம் வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் நிலையத்தை நடுவில் வைத்து 30 மைலுக்கு ஒரு வட்டம் போடுங்கள். பஞ்சாலைச் சங்கு ஊதும் ராஜபாளையம் அதற்குள் வரும். அச்சுக்கூடங்களும் பட்டாசுச் சாலைகளும் நிறைந்த சிவகாசி வரும். வத்திராயிருப்பு வரும். சதுரகிரி மலையடிவாரத்தில், நாம் வாசம் செய்யும் மகாராஜபுரம் வரும். செல்டிக்கின் பதினொரு பேரும் இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள்தாம்: சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள், ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய பயிற்சியாளரான ஜாக் ஸ்டீன் தாமே சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். நம் வட்டத்துக்குள் பதினொரு நல்ல கால்கள் பிறக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்?

பள்ளிக்கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பாடம் சொல்லிக் கொடுத்த அனுபவத்தில் ஒன்று சொல்லுகிறோம். கால்கள் பிறக்கின்றன, பத்தாம் வகுப்பில் காணாமற் போகின்றன. ஒன்பதாம் வகுப்பு வரையில் மான்குட்டி போல் துள்ளிய பையன், பரீட்சை வருஷம் வந்ததும் மைதானத்துக்கு வருவது நின்றுவிடும். தேகப்பயிற்சி வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக் கொள்வார். கடனைத் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. புதுக் கட்டடம் எழும்பும் போதெல்லாம் மைதானத்தின் ஒரு மூலை குறையும். இந்த வட்டாரத்தில் எத்தனையோ பள்ளிகளில் இதுதான் நிலைமை. பந்து உதைக்கும் பெண்ணைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். பந்து வேலிக்கு வெளியே போகுமுன் பேச்சு போய்விடும்.

ஒரு தேசப் பட்டத்தைப் பருவம் ஒன்றுக்கு வாடகைக்குப் பிடித்து விடலாம் என்று கோவை காட்டியது. அதைச் சொந்தமாக வைத்துக் கொள்ள, வாடகை போதாது என்பதையும் அதே கோவை காட்டியது. வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் நமக்குத் தரையோடு பந்து கடத்தும் வித்தையைக் கொடுத்துப் போனார். அதைப் பத்து வயதில் பழக ஆரம்பிக்கும் பிள்ளைகளும், அவர்களைப் பதினைந்து வயதில் பூட்டி வைக்காத பெற்றோர்களும், மைதானத்தின் மூலையைக் காப்பாற்றும் ஊரும் இருந்தால் மீதி தானே வரும்.

செலவு அதிகமில்லை. ஒரு பந்து, நாலு மூங்கில் கழி, சாயங்காலம் ஒரு மணி நேரம். இந்த வாரமே உங்கள் தெருவில் பந்து உதைக்கும் பையனையோ பெண்ணையோ கூப்பிட்டு, "அடுத்த ஆட்டம் எப்போது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, போய்ப் பார்க்கவும் செய்யுங்கள். வேடிக்கை பார்க்க ஊர் கூடினால், அந்தக் கோஷ்டியை மூடுவதற்கு யாருக்கும் தைரியம் வராது.